கரம்பை எலியும் மஞ்சள் தட்டானும்

எலியை ஒழிக்க நினைப்பவர்கள் தட்டானைக் கவனிப்பதில்லை. தட்டானைப் படம் எடுக்க வருபவர்கள் எலி வளையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் காவிரிப் படுகையின் நெல் வயலில் இரண்டும் ஒரே தண்ணீரை நம்பித்தான் பிழைக்கின்றன. வரப்பைக் குடைந்து குடியிருப்பது கரம்பை எலி. வரப்பெலி என்றும் சொல்வார்கள்; அறிவியல் பெயர் பண்டிகோட்டா பெங்காலென்சிஸ். மழைக்கு முன்னால் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகிற மஞ்சள் தட்டானுக்குப் பெயர் பன்டாலா ஃபிளாவெசென்ஸ். நடவு முடிந்த முதல் 45 நாளில் வரப்பிலும் தண்ணீரிலும் நாம் என்ன செய்கிறோமோ, அதை வைத்தே எலி பெருகுமா, தட்டான் பிழைக்குமா என்பது முடிவாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் அதுதான்.

முதலில் எலியை அடையாளம் காண வேண்டும். தமிழ்நாட்டு வயல்களில் திரிவது ஒரே எலி அல்ல. புல் எலி, வயல் சுண்டெலி, காட்டுப் பக்கம் வெள்ளெலி என்று பல உண்டு. கரம்பை எலி கருத்த பழுப்பு நிறம், மழுங்கிய மூக்கு, உருண்டை காது, கட்டையான உடம்பு. வால் முழுக்கக் கறுப்பு. வாலை முதுகின் மேல் மடித்தால் மூக்கு வரை வராது. வீட்டுக் கூரையில் ஓடும் எலிக்கு வால் உடம்பைவிட நீளம். வளர்ந்த கரம்பை எலி 200 முதல் 300 கிராம் வரை இருக்கும். பெருச்சாளி இதன் நெருங்கிய உறவு என்றாலும் உருவத்தில் பல மடங்கு பெரியது. மடக்கிப் பிடித்தால் கரம்பை எலி முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். வெறுங்கையால் தொடக் கூடாது.

எலியைப் பார்ப்பதைவிட வளையைப் படிப்பது எளிது, பயனும் அதிகம். வரப்பில் இருக்கும் ஓட்டையெல்லாம் எலி போட்டதல்ல. நண்டு வளையின் வாயில் ஈரச் சேறு சின்னச் சின்ன உருண்டைகளாக ஒட்டியிருக்கும்; வாய் வட்டமாகத் திறந்தே கிடக்கும். கரம்பை எலியின் வளை வாயில் உதிரி மண் கூடை கவிழ்த்தது போலக் குவிந்திருக்கும். பெரும்பாலும் வாயை மண்ணால் உள்ளிருந்தே அடைத்துவிடும். எலி உள்ளே இருக்கிறது என்பதற்கு அந்த ஈர மண்குவியல்தான் சாட்சி. மண் காய்ந்து, மேலே சிலந்தி வலை படிந்திருந்தால் அது கைவிட்ட வளை.

உள்ளே ஒரே குழாயாக இருக்காது. பக்கக் கிளைகள், படுக்கைக்கு வைக்கோல் பரப்பிய ஓர் அறை, கதிரைச் சேர்த்து வைக்கும் அறைகள், ஆபத்து வந்தால் மண்ணை முட்டிக்கொண்டு வெளியேற மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே வரை வந்து நிற்கும் தப்பும் வழிகள். பொதுவாக ஒரு வளைக்கு ஒரு பெரிய எலி. பெண்ணாக இருந்தால் குட்டிகளோடு. சேர்த்து வைக்கும் நெல் சில நூறு கிராமும் இருக்கும், சில கிலோவும் இருக்கும். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் அறுவடைக்குப் பின் வளையை வெட்டி எலியைப் பிடிப்பதோடு இந்த நெல்லையும் எடுத்துக்கொள்வது வழக்கம். எந்தக் கிளையில் நெல், எந்தக் கிளையில் குட்டி என்று மண்ணின் ஈரத்தையும் இறுக்கத்தையும் வைத்தே சொல்லிவிடும் அந்தத் திறமையை வேளாண்மைத் துறை இன்னும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வைக்கோல் தீயை அடைத்த மண்பானையின் துளையில் வாய் வைத்து ஊதிப் புகை செலுத்தும் பழைய முறையில் வாயும் கையும் சுடும், நுரையீரல் கெடும். கைப்பிடியைச் சுற்றினால் விசிறி ஓடிப் புகையை உள்ளே தள்ளும் இரும்புக் கருவிகள் இருக்கும்போது பானையில் வாய் வைத்து யாரையும் ஊத விடக் கூடாது. எந்தக் கருவியானாலும், புகை போடுவதற்கு முன்பு தப்பும் வழிகளைத் தேடி மிதித்து அடைக்காவிட்டால் எலி பின்பக்கமாகப் போய்விடும்.

இனி தட்டான். உடம்பு நாலரை சென்டிமீட்டர். சிறகு விரித்தால் 8 சென்டிமீட்டர் அளவு. எடை ஏறக்குறைய 0.3 கிராம், ஒரு கரம்பை எலியின் எடைக்கு ஆயிரம் தட்டான் வேண்டும். பின்சிறகின் அடிப்பகுதி அகலமாக இருக்கும். அதனால்தான் சிறகை அடிக்காமலே காற்றில் மிதந்து நெடுநேரம் போக முடிகிறது. பகலில் உட்காருவது அபூர்வம். உட்கார்ந்தால் மற்றத் தட்டான்கள் போலக் குச்சி நுனியில் கிடையாக நிற்காது. செடித் தண்டைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கும். முற்றிய ஆணின் முதுகில் மஞ்சளோடு சிவப்பு ஏறும்.

ஆண், பெண்ணின் கழுத்தைப் பிடித்தபடியே பறக்க, பெண் வாலை நீரில் தட்டித் தட்டி முட்டையிடும். ஒரு பெண் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் இடும். நீர் எங்கே என்று அது கண்டுபிடிப்பது மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை வைத்து. இந்தக் கணக்கு ஏமாறுவதும் உண்டு: கார் பானட்டிலும் கறுப்புத் தார்ப்பாயிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும், அதெல்லாம் வெயிலில் கருகும். புதிதாக நடவு செய்த வயல் அதற்குக் கிடைக்கக்கூடிய நல்ல இடங்களில் ஒன்று. பயிர் இன்னும் மூடவில்லை, நீர் வானம் பார்த்துக் கிடக்கிறது, ஆழமில்லாததால் வெதுவெதுப்பாக இருக்கிறது, உண்ணக் கொசுப்புழு இருக்கிறது, பெரிய மீன் இல்லை.

இளம்புழுவைப் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டும் பெரிய தேநீர் வடிகட்டியும் போதும். வயல் ஓரத்தில், பயிர் அடர்த்தி குறைந்த இடத்தில், தரையைத் தொடாமல் நீரை வாரித் தட்டில் ஊற்றி ஒரு நிமிடம் கலக்காமல் விட வேண்டும். மஞ்சள் தட்டானின் புழு வெளிர்ப் பச்சையில் பழுப்புப் புள்ளிகளோடு இருக்கும். முழு வளர்ச்சியில் இரண்டரை சென்டிமீட்டர். வயிற்றின் கடைசிக் கண்டங்களின் இரு பக்கமும் நீண்ட முள். மற்றச் சில தட்டான் புழுக்கள் போலச் சேற்றில் புதைந்து பதுங்காது, தட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது மூச்சு விடுவது மலக்குடலுக்குள் இருக்கும் செவுளால். மூச்சுக்காக உள்ளே இழுத்த நீரை வேகமாகப் பின்னால் பீய்ச்சினால் உடம்பு முன்னால் பாயும். தாடையின் கீழ் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை ஒரு நொடியில் நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்வி இழுப்பதைத் தட்டிலேயே பார்க்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயல் நீரில்தான் பெருகுகிறது. எனவே இந்தப் புழு இருக்கிற வயல் சுற்றுப்புற வீடுகளுக்கும் நல்லது. வளர்ந்த தட்டான் பிடிப்பது பறக்கிற சிறு பூச்சிகளை. அதில் கொசு உண்டு, இலைச்சுருட்டுப் பூச்சியின் அந்துப்பூச்சியும் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானும் உண்டு. அதற்காக "தட்டான் இருந்தால் மருந்தே வேண்டாம்" என்று சொல்வது மிகை.

புழுப்பருவம் வெப்பத்தைப் பொறுத்து ஏறக்குறைய 38 முதல் 65 நாள். நம் ஊர் வெயிலில் அது குறைந்த பக்கம் நிற்கும். நட்ட முதல் வாரத்தில் விழுந்த முட்டை, 45 முதல் 50 நாளில் தட்டானாகும். இரவில் தண்டேறித் தோலுரிக்கும். காலையில் நெல் தண்டில், நீருக்குச் சற்று மேலே, முதுகு பிளந்த பழுப்புத் தோல் ஒட்டியிருக்கும்; பிளவின் உள்ளே வெள்ளை நூல் இழைகள் தொங்கும், அவை உரிந்த மூச்சுக்குழாய்களின் உட்தோல். வெயில் ஏறுவதற்குள் புதிய தட்டான் பறந்துவிடும். தன் வயலில் அது தங்குவதில்லை.

தலை முதல் வால் வரை ஒப்பிடுவதைவிடக் காலண்டரை வைத்து ஒப்பிடுவதே எனக்குப் பயனாகப் படுகிறது. 110 நாளில் விளையும் குறுவைப் பயிரில், நட்ட 45-ஆம் நாள் வாக்கில் தட்டான் கிளம்பிவிடும். அதே நாள்களில் பயிர், தண்டுக்குள் கதிர் பருத்து நிற்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தை நெருங்குகிறது. எலியின் இனப்பெருக்கம் பிடிப்பதும் அப்போதுதான். கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல், ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 குட்டி, குட்டிகள் ஈனும் வயதை அடைய ஏறக்குறைய மூன்று மாதம். அதாவது குறுவையில் பிறந்த குட்டி குறுவையில் ஈனாது. அது குறுவைக்குப் பின் நடும் தாளடியைத் தின்னும், தாளடியில் பெருகும். எலியைப் பொறுத்தவரை ஒரு போகத்தில் விட்ட தவறு அடுத்த போகத்தில்தான் பெரிதாகத் தெரியும்.

சேதமும் அப்படித்தான். எலி வெட்டிய தூர், அதாவது நெல்லின் கிளைத்தண்டு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே 45 பாகைச் சாய்வில், கத்தியால் சீவியது போல இருக்கும். தூர்கட்டும் பருவத்தில் வெட்டினால் பயிர் பக்கத் தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். தொண்டைக்கதிருக்குப் பின் வெட்டியது போனதுதான். ஆனால் பெரும்பாலோர் விழித்துக்கொள்வது அப்போதுதான், விஷ உணவை வாங்கி வைப்பதும் அப்போதுதான். சுற்றிலும் பால் பிடித்த கதிர் நிற்கும்போது எலி ஏன் விஷம் கலந்த நொய்யைத் தொடும்?

எனவே வேலை முன்கூட்டியே நடக்க வேண்டும். முதலில் வரப்பு. 45 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வரப்பு வேண்டாம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அகன்ற, உயர்ந்த வரப்பில்தான் நீர்மட்டத்துக்கு மேலே படுக்கையறை வைக்க எலிக்கு இடம் கிடைக்கிறது. வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, அதாவது அண்டை வெட்டிப் பூசும்போது பழைய வளையை மேலாக மெழுகி மூடாமல், வெட்டித் திறந்து, மண்ணை அடைத்து மிதிக்க வேண்டும். இதில் தட்டானுக்கும் பங்கு உண்டு. வளையுள்ள வரப்பில் தண்ணீர் இரவோடு இரவாகப் பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ இறங்கிவிடும். வயல் காய்ந்து பிளந்தால் தட்டான் புழு செத்துப்போகும். எலி வளையை அடைப்பவர் தன்னை அறியாமலே தட்டானைக் காப்பாற்றுகிறார். வரப்புப் புல்லைச் செதுக்குவதும் மஞ்சள் தட்டானைப் பாதிக்காது, அதற்கு வேண்டியது திறந்த நீரும் நெல் தண்டும்தான். ஊசித்தட்டான்களுக்கு மட்டும் ஓரப் புல் தேவை. அவற்றுக்காக வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் புல்லை விட்டு வைக்கலாம், எலி குடைய முடியாத மெல்லிய கரையாக இருந்தால்.

அடுத்தது கிட்டி எனும் எலிப்பொறி. மூங்கில் வில்லும் கயிறும் கொண்ட தஞ்சாவூர்க் கிட்டியை எக்டேருக்கு 100, அதாவது ஏக்கருக்கு 40 வைக்க வேண்டும். வயல் நடுவே சிதறி வைத்துப் பயனில்லை. எலி நடந்து நடந்து வழவழப்பான தடம், புதிய மண்குவியல், வெட்டுப்பட்ட தூர் இருக்கும் இடம் பார்த்து, மாலையில் நெல்லோ பொரியோ வைத்துப் பூட்டி, விடியலில் எடுக்க வேண்டும். விஷம் இல்லை, தண்ணீரில் எதுவும் கலப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் தேர்வு. கிட்டி வைக்கத் தெரிந்த ஆளுக்கு எலிக் கணக்கில் கூலி கொடுப்பது செலவு போலத் தெரியும். தொண்டைக்கதிர் போவதோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

விஷ உணவுதான் வழி என்றால் வரிசை தப்பக் கூடாது. முதல் நாள் மாலை எல்லா வளையையும் மண்ணால் அடைக்க வேண்டும். மறுநாள் காலை திறந்திருப்பவை மட்டுமே உயிருள்ளவை. அவற்றைக் குச்சி நட்டுக் குறித்துக்கொண்டு, நொய்யில் சிறிது கடலை எண்ணெய் பிசறி, விஷம் இல்லாமல், வளைக்கு 20 கிராம் வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, 96 பங்கு நொய், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு துத்தநாக பாஸ்பைடு விஷம் கலந்து, 10 கிராம் பொட்டலமாகக் கட்டி வளைக்குள்ளே தள்ளி மூட வேண்டும். வெறும் உணவு வைக்கும் நாள்களை மிச்சம் பிடிப்பவர்கள்தான் தோற்கிறார்கள். புதிய உணவை எலி முதலில் கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். கொறித்துச் சாகாமல் தப்பிய எலி வாரக்கணக்கில் அந்த உணவைத் தொடாது. தப்பியவற்றுக்கு ஒரு வாரம் கழித்து மீண்டும் வளை அடைத்துப் பார்த்து, 0.005 சதவீதப் புரோமாடயலோன் உணவு வைப்பதுண்டு. அது ரத்தத்தை உறைய விடாமல் கசிய வைத்து மெதுவாகக் கொல்வது, எனவே எலிக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த எலியைத் தின்ற கூகை என்னும் ஆந்தைக்கும் அதே கதி நேரும். செத்த எலியை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பது கட்டாயம். துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது: கையுறை போட்டு, குச்சியால் கிளறி, காற்றோட்டமான இடத்தில் கலக்க வேண்டும், சமையல் பாத்திரம் பக்கமே போகக் கூடாது. பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வரப்பில் வைப்பதும், மின்கம்பி இழுப்பதும் சட்டவிரோதம், மனித உயிரைக் குடித்தவை.

கூகைக்கு வயலில் உட்காரத் தாங்கி நடுவது இதைவிட நிம்மதியான வேலை. எக்டேருக்கு 40 முதல் 50 வரை நடலாம், தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினாலே போதும்.

தட்டானுக்கு வரும் பெரிய ஆபத்து எலி மருந்தில் இல்லை, குருணையில்தான். ஃபிப்ரோனில் என்னும் பூச்சிமருந்து மிகச் சிறிய அளவிலேயே தட்டான் புழுவைக் கொல்லும். ஜப்பானில் 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு வயல்களின் சிவப்புத் தட்டான் சரிந்ததற்கு, நாற்றுத் தட்டில் போடும் இவ்வகை மருந்துகளை முக்கியக் காரணமாக அங்குள்ள ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நட்ட பத்தாம் நாள் "எதற்கும் இருக்கட்டும்" என்று தூவுகிற குருணை, முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புழுவின் மேல் விழுகிறது. தண்டைத் துளைக்கும் குருத்துப்பூச்சியின் சேதம் பொருளாதார வரம்பை, அதாவது மருந்துச் செலவுக்கு ஈடான அளவைத் தாண்டாமல் அதைத் தூவவே கூடாது என்பேன்.

வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் நீர் விடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. நீர் மிச்சமாகும் அந்த முறையை விடச் சொல்லவில்லை. மடைக்குப் பக்கத்து மூலையில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி இருந்தால், நீர் வற்றும்போது புழுக்களில் ஒரு பகுதி அங்கே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். குழியில் மீன் விடக் கூடாது. விட்டால் புழு மிஞ்சாது. குழிமண்ணை வரப்பின் மேல் ஏற்றுவதும் தவறு, வரப்பு உயர்ந்து எலிக்கு வீடாகும். மேட்டு இடத்தில் பரப்பிவிடலாம்.

இவ்வளவு நெருக்கமாக ஒரே வயலில் வளர்ந்த இரண்டும் பிறகு எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. கரம்பை எலி இரவில் வளையைச் சுற்றிச் சில பத்து மீட்டர் போய்த் திரும்பும்; வெள்ளம் வந்தால் நீந்தி உயர்ந்த வரப்புக்கோ சாலைக்கரைக்கோ மாறும், அவ்வளவுதான். தட்டான் பருவக்காற்றையும், மழைமேகங்கள் திரண்டு நகரும் மழைப்பட்டையையும் பிடித்துக்கொண்டு போகிறது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், தேங்கும் நன்னீர் ஏறக்குறைய இல்லாத அந்தத் தீவுகளில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இந்தத் தட்டான்கள் கூட்டமாக வந்து இறங்குவதைக் குறித்து வைத்து 2009-இல் கட்டுரையாக வெளியிட்டார். இந்தியாவிலிருந்து மாலத்தீவு, சீஷெல்ஸ் வழியே கிழக்கு ஆப்பிரிக்கா, அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு மீண்டும் இந்தியா: 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் சுற்று, நான்கு தலைமுறை சேர்ந்து முடிப்பது என்று அவர் கணித்தார். 2012-இல் மாலத்தீவுத் தட்டான்களின் சிறகில் இருந்த ஹைட்ரஜன் ஐசோடோப்பை (புழுவாக வளர்ந்த நீரின் அடையாளம் அதில் பதிந்திருக்கும்) ஆராய்ந்தபோது, அவை வட இந்தியாவிலோ அதற்கும் அப்பாலோ பிறந்தவை என்று தெரிந்தது. அதே காலத்தில் அதே திசையில் ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமூர் வல்லூறு என்னும் வேட்டைப் பறவை வழியில் இவற்றைத் தின்றுகொண்டே போவதாகக் கருதுகிறார்கள். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்ற பழமொழிக்கு இதில் அடிப்படை இருக்கிறது. மழைப்பட்டையோடு நகர்கிற பூச்சி மழைக்குச் சற்று முன்னோ கூடவோ வந்துதான் ஆக வேண்டும். புதுக்குட்டை அதற்கு அங்கேதான் கிடைக்கும்.

வயலில் தட்டைப் போட்டுப் புழு தேடுகிறவர்களும் வளை வெட்டுகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. கரம்பை எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது வயல் நீரில் கலந்து, காலில் உள்ள வெட்டுக்காயம், வெடிப்பு வழியே உடம்பில் ஏறும். புண்ணோடு வயலில் இறங்க வேண்டாம், முடிந்தால் ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வயல்வேலைக்குப் பின் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், வயலில் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறுவடை முடிந்ததும் எலி களத்துக்கும் வைக்கோல் போருக்கும் இடம் மாறும். போரைத் தரையில் போடாமல் உயர்த்திக் கட்டுங்கள். கோடையில் வயல் வெறுமையாகக் கிடக்கும் மே மாதத்தில், மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள், ஒரு வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் வரப்பு வெட்டுவது நல்லது. ஒருவர் மட்டும் வெட்டினால் காலியான வரப்பில் பக்கத்து வயல் எலி வந்து குடியேறிவிடும்.